உறுதியும் வீம்பும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் மன உறுதி என்பதாகும். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்தில் கற்றது சொற்பம். மற்றதெல்லாம் இதுபோன்ற வாசகசாலைகளின் பெஞ்சுகளிலும், இரவல் வாங்கிய புத்தகங்களிலும், மேடைக்குக் கீழே இருந்துகொண்டு உங்களைப் போன்றவர்கள் நம்மை மடக்கிக் கேட்ட கேள்விகளிலும் கற்றுக்கொண்டதேயாகும். ஆகையால் பண்டித நடையை நம்மிடம் எதிர்பார்க்காமல், நாம் சொல்லுவது உங்கள் புத்திக்கும் அனுபவத்திற்கும் பொருத்தமாயிருக்கின்றதா என்று மாத்திரம் கவனிக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! மேடையின்மேல் நின்றுகொண்டு, "தலை போனாலும் கொள்கையை விடமாட்டேன்" என்று சொல்லிவிடுவது வெகு சுலபம். ஏனென்றால் மேடையின்மேல் யாரும் நமது தலையைக் கேட்பதில்லை. கைதட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தலையைக் கேட்கின்ற இடங்கள் வேறு. "இந்தப் பேச்சை விடாவிட்டால் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம்" என்று முதலாளி சொல்லுகின்ற இடம் ஒன்று. "இது ஒன்றை மாத்திரம் வாயை மூடிக்கொண்டு செய்துவிடு, நாற்காலி உனக்குத்தான்" என்று ஆசை காட்டுகின்ற இடம் ஒன்று. நடுவீட்டில் பிணம் கிடக்கும்போது பங்காளிகளும் மாமன் மைத்துனர்களும் சூழ்ந்து நின்று, "உன் கொள்கையை நாளைக்கு வைத்துக்கொள்ளப்பா, இன்றைக்கு ஊரோடு ஒத்துப்போ" என்று சொல்லுகின்ற இடம் ஒன்று. பல வருஷகாலம் கூட நின்ற சிநேகிதர் ஒருநாள் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு நம்மைத் திரும்பிப் பார்க்கின்ற இடம் ஒன்று. இந்த நான்கு இடங்களில்தான் ஒருவனுக்கு உறுதி இருக்கின்றதா இல்லையா என்பது தெரியுமேயொழிய மேடையில் ஒருக்காலும் தெரியாது.

இந்த நான்கு இடங்களிலும் நிறுத்திப் பார்க்கப்பட்ட ஒரு மனிதருடைய சரித்திரத்தை இன்று உங்கள் முன் வைக்கப் போகிறோம். அவர்தான் சார்லஸ் பிராட்லா என்பவர். 1833-ல் லண்டனில் ஓர் ஏழைக் குமாஸ்தாவுக்குப் பிறந்து 1891-ல் காலமானவர். "சீமைக்காரன் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர் நமக்கு அவ்வளவு அந்நியரல்ல. 1880-களில் சென்னையிலே இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. அதைச் சேர்ந்தவர்கள் 1882 முதல் 1888 வரை "தத்துவ விவேசினி" என்று தமிழிலேயே ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார்கள். லண்டனில் பிராட்லா நடத்தி வந்த இயக்கம் அவர்களுக்குத் தூண்டுகோலாய் இருந்தது. இந்தியர்களுடைய குறைகளைப் பார்லிமெண்டில் ஓயாமல் எடுத்துப் பேசியதனால் அவரை "இந்தியாவின் மெம்பர்" என்றே அழைத்தார்கள். 1889-ல் பம்பாய் காங்கிரசுக்கும் வந்து போனார். ஆகவே அவரைப்பற்றித் தெரிந்துகொள்ள நமக்கு உரிமையும் உண்டு; தேவையும் உண்டு.

முதலாவது, வயிற்றின் சோதனை.

பிராட்லாவின் படிப்பு 11 வயதோடு முடிந்துவிட்டது. எடுபிடிப் பையனாயும், பிறகு ஒரு நிலக்கரி வியாபாரியிடம் குமாஸ்தாவாயும் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பள்ளியிலே குழந்தைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பார். அதாவது, நல்ல பக்திமானாய்த்தான் இருந்தார். பிஷப் வருகிறார், நன்றாகப் படித்து வை என்று பாதிரியார் சொன்னார். பையனும் யோக்கியமாய் உட்கார்ந்து படித்தான். படித்ததில், சுவிசேஷங்களுக்கும் சபையார் வகுத்த 39 விதிகளுக்கும் பொருத்தமில்லாத இடங்கள் கண்ணில் பட்டன. "இதை எனக்கு விளக்கவேண்டும்" என்று பாதிரியாருக்கு மரியாதையாய் ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கேள்விக்கு வந்த பதில் என்ன தெரியுமா? விளக்கம் வரவில்லை. "உங்கள் பையன் நாஸ்திகனாய்ப் போய்விட்டான்" என்று தகப்பனாருக்குக் கடிதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலிருந்து தள்ளி வைத்தார்கள். கடைசியாக, மூன்று நாளைக்குள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார்கள்.

தோழர்களே! மூன்று நாளில் ஒரு மனிதன் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சட்டையை மாற்றலாம், வீட்டை மாற்றலாம். புத்திக்குப் பட்டதை, வேறு காரணம் காட்டாமல், "மாற்று" என்றால் எப்படி மாறும்? வாயைத்தான் மாற்ற முடியும். அவர்கள் கேட்டதும் வாயைத்தானே தவிர புத்தியையல்ல. 16 வயதுப் பையன் வாயை மாற்ற மறுத்து வீட்டைவிட்டு வெளியேறினான்.

பிறகு வயிற்றுக்காகத் தரகுக்கு நிலக்கரி விற்றுப் பார்த்தார். கொஞ்ச நாளைக்கு ஒரு ரொட்டிக் கடை வாடிக்கை கை கொடுத்தது. இவர் நாஸ்திகர் என்று தெரிந்ததும் ரொட்டிக் கடைக்காரருடைய மனைவி, "உன்னிடம் கரி வாங்கினால் எங்கள் ரொட்டியில் நரகத்துக் கந்தக நாற்றம் அடிக்கும்" என்று நிறுத்திவிட்டாள். கடன் ஏறிற்று. சில பகுத்தறிவாளர்கள் பணம் வசூலித்துக் கொடுக்க முன்வந்தார்கள். அப்போதுதான் தாம் எவ்வளவு தரித்திரர் என்பது அவர் மனதில் உறைத்தது. பிறர் கொடுப்பதில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் 1850-ல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். கொள்கைக்காகக் கஷ்டப்படுகிறவன் கொள்கையின் பேரால் பிறர் கையை எதிர்பார்த்துப் பிழைக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். இது நம்மைப்போன்ற பிரசாரகர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய சங்கதியாகும்.

1853-ல் பட்டாளத்தைவிட்டு வந்து ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவானார். பகலில் குமாஸ்தா வேலை, இரவில் பிரசங்கம். அந்தப் பிரசங்கங்களைத் தம் சொந்தப் பெயரில் செய்யாமல் "விக்கிரக நாசகர்" என்று பொருள்படும் ஒரு புனைபெயரில் செய்து வந்தார். இது கோழைத்தனமல்லவா என்று கேட்கலாம். தம் பெயரால் வக்கீலுடைய தொழில் கெடக் கூடாது என்பதே அதற்குக் காரணம். தம் வயிற்றைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டு; இன்னொருவர் வயிற்றைப் பணயம் வைக்க உரிமை இல்லை. பெயரை மறைத்தாரேயொழிய கொள்கையை ஒருநாளும் மறைக்கவில்லை. 1868-ல் பார்லிமெண்டு எலக்ஷனுக்கு நின்றபோது புனைபெயரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சொந்தப் பெயரிலேயே நின்றார். உறுதிக்கும் வீம்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே துவங்குகிறது. வீம்புக்காரன் தன் பிடிவாதத்தின் செலவைப் பெண்டாட்டி பிள்ளைகள் தலையிலும் அண்டை அயலார் தலையிலும் கட்டுவான். உறுதியுள்ளவன் கூடியமட்டும் அதைத் தானே சுமப்பான்.

இரண்டாவது, நாற்காலியின் சோதனை.

நார்த்தாம்டன் என்ற ஊரில், செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில், பிராட்லா 1868-ல் நின்று தோற்றார். 1874-ல் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றார். 1880-ல் ஜெயித்தார். சபையில் உட்காரவேண்டுமானால் "கடவுள் எனக்குத் துணைசெய்வாராக" என்று முடிகின்ற சத்தியப் பிரமாணத்தைச் செய்யவேண்டும். அவர் சந்தடியில்லாமல் அதை முணுமுணுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். 12 வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. ஒரு வரியைச் சொன்னால் தீர்ந்தது. எந்தச் சிநேகிதரும், "இதிலென்னய்யா இருக்கிறது, சொல்லிவிட்டுப் போமே" என்றுதான் சொல்லுவார்.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1880 மே 3-ந் தேதி, கடவுள் பேரால் ஆணையிடுவதற்குப் பதிலாக மனப்பூர்வமாய் உறுதிகூற அனுமதிக்கவேண்டும் என்று கேட்டார். ஒரு கமிட்டி வைத்தார்கள். கமிட்டியில் இரு பக்கமும் சமமாகி, அக்கிராசனர் ஓட்டினால் அவருக்கு விரோதமாய் முடிந்தது. "சரி, உங்கள் பிரமாணத்தையே செய்கிறேன். அதிலுள்ள கடவுள் என்ற சொல்லுக்கு என்னிடம் அர்த்தமில்லை, ஆனால் வாக்குறுதி என்னைக் கட்டும்" என்ற கருத்தைப் பகிரங்கமாய்ச் சொல்லிவிட்டுப் பிரமாணம் செய்யப் போனார். அப்போதும் தடுத்தார்கள். ஜூன் 22-ந் தேதி, 230 ஓட்டுக்கு எதிராக 275 ஓட்டினால், இந்த மனிதர் பிரமாணமும் செய்யக்கூடாது, உறுதியும் கூறக்கூடாது என்று தீர்மானித்தார்கள். மறுநாள் அவர் வெளியேற மறுத்ததற்காகச் சபையின் மணிக்கூண்டிலேயே அடைத்து ஓரிரவு வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் பிரமாணம் செய்ய இசைந்ததே தப்பு, முதலில் மறுத்தவர் கடைசிவரை மறுத்திருக்கவேண்டும் என்று அவருடைய கட்சியிலேயே சிலர் வருத்தப்பட்டார்கள். எதிரிகளும் இதை வைத்துக்கொண்டே அவரை ஏளனம் செய்தார்கள். வருத்தப்பட்டவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பார்க்கவேண்டும். ஜனங்கள் தேர்ந்தெடுத்த மனிதனை அவன் கடவுளை நம்பவில்லை என்பதற்காக வெளியே நிறுத்தச் சபைக்கு அதிகாரமில்லை என்பதே அவர் பிடி. தம் நம்பிக்கையின்மையை ஒரு நிமிஷமும் அவர் ஒளிக்கவில்லை. மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் இலையைப்பற்றிச் சண்டை போடவேண்டியதில்லை. எது வேர், எது இலை என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு, வழக்கு வந்தால் அவர் பொறுப்பு என்ற நிபந்தனையுடன் உறுதிகூற அனுமதித்தார்கள். உட்கார்ந்தார், ஓட்டும் கொடுத்தார். உடனே வழக்கு வந்தது. ஒரு ஓட்டுக்கு 500 பவுன் அபராதம் என்று மிரட்டிய வழக்கு. 1881-ல் கோர்ட்டு அவருக்கு உறுதிகூற உரிமையில்லை என்றது, ஸ்தானம் போயிற்று. நார்த்தாம்டன் ஜனங்கள் ஏப்ரலில் மறுபடியும் அவரையே அனுப்பினார்கள். ஆகஸ்டு 3-ந் தேதி அவர் சபைக்குள் நுழைய முயன்றபோது சேவகர்களும் போலீசாரும் சேர்ந்து கழுத்தையும் கையையும் பிடித்து, கோட்டுக் கிழிய, படிகளில் இழுத்து வெளியே தள்ளினார்கள். வெளியே ஆயிரக்கணக்கான அவருடைய ஜனங்கள் நின்றிருந்தார்கள். அவர் ஒரு கையை உயர்த்திக் காட்டியிருந்தால் அந்தக் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்திருக்கும். அவர் கையை உயர்த்தவில்லை. தோழர்களே! ஆறு வருஷப் போராட்டத்தில் அவர் காட்டிய உறுதிகளுக்குள் எது பெரிது என்று நம்மைக் கேட்டால், உயர்த்தாத அந்தக் கையையே நாம் சொல்லுவோம். அடிபட்டு, அவமானப்பட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற அந்த நிமிஷத்தில் கோபமும் ஒரு ஆசைதான். காசாசை, பதவியாசையைவிடப் பலமான ஆசை.

1882-ல் மறுபடியும் வெளியேற்றினார்கள். மறுபடியும் ஜனங்கள் அனுப்பினார்கள். 1883-ல் உறுதிகூறுவதற்கு வழி செய்யும் மசோதா ஒன்று வந்து, மூன்றே ஓட்டில் தோற்றது. 1884-ல் மறுபடியும் எலக்ஷன், மறுபடியும் ஜெயம். 1885 பொது எலக்ஷனிலும் ஜெயம். 1886 ஜனவரி 13-ந் தேதிதான் புதிய சபையின் சபாநாயகர், தடுக்க யாருக்கும் பாத்தியதையில்லை என்று சொல்லி அவரை உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. தமக்குப்பின் வருகிறவர்கள் இந்தத் துன்பம் படாதபடி, விரும்பினவர்கள் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிகூறலாம் என்ற சட்டத்தை 1888-ல் நிறைவேற்றி வைத்தார். இன்று நம் இந்திய அரசியல் சட்டத்திலும், மந்திரியாகிறவரும் சட்டசபை மெம்பராகிறவரும் கடவுள் பேரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதிகூறலாம் என்று இரண்டு வழியும் இருக்கிறது. ஒருவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. இது தானாக வந்ததென்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது, துக்கத்தின் சோதனை.

மேலே சொன்னதெல்லாம் வெளியுலகச் சண்டை. வெளியுலகச் சண்டையில் கூட்டமிருக்கும், பத்திரிகையிருக்கும், பேர் கிடைக்கும். வீட்டுக்குள் நடப்பது அப்படியல்ல. 1870-ல் கடன் தொல்லையால் அவர் குடும்பத்தைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, லண்டனில் ஏழைகள் குடியிருக்கும் ஒரு தெருவில் இரண்டு சிறு அறைகளில் புத்தகங்களோடு குடியிருந்தார். அதே வருஷம் அவருடைய ஒரே மகன், பத்து வயதுப் பையன், செம்புள்ளிக் காய்ச்சலால் இறந்தான். 1888-ல் அவருடைய மூத்த பெண் விஷக்காய்ச்சலால் இறந்தாள். அவர் கல்லல்ல, நொறுங்கித்தான் போனார். ஆனால் துக்கத்தைக் காட்டிக் கொள்கையை வாங்க வந்தவர்களுக்கு அதை விற்கவில்லை.

தாய்மார்களே! தோழர்களே! நம் வீடுகளில் கொள்கை உடைகின்ற இடம் அநேகமாய் இதுதான். வேலை போனபோது நின்றவன், பதவி வந்தபோது நின்றவன், குழந்தைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்காமல் இருந்தால் மஞ்சள் துணியில் காசு முடிகிறான். அவனை நாம் கேலி செய்ய மாட்டோம். பயந்திருக்கிற மனிதனைக் கேலி செய்வது பகுத்தறிவாகாது. ஆனால் ஒன்று கேட்கிறோம். நிம்மதியாய் இருந்த காலத்தில் நீ பத்து வருஷம் யோசித்துக் கண்ட முடிவு சரியா, தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிற இந்த ஒரு ராத்திரியில் வந்த முடிவு சரியா? வியாபாரத்தில் இப்படிப்பட்ட ராத்திரியில் நீ கையெழுத்துப் போடுவாயா? நிலத்தை விற்பாயா? "நாளைக்குப் பார்ப்போம்" என்றுதானே சொல்லுவாய்? அதையே இங்கும் சொல். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி உண்டு, அங்கே ஓடு. காசு முடியவேண்டும் என்று உன் மனைவி அழுதால் அந்த நேரத்தில் அவளோடு தர்க்கம் செய்யாதே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நட. உன் கொள்கையைக் காட்டிக்கொள்ள அவளுடைய பயத்தைக் கருவியாக்காதே. அவளும் யோசிக்கிற மனுஷிதான். அமைதியான ஒரு நாளில், சமமாய் உட்கார வைத்துப் பேசினால் உன்னைவிட உறுதியாய் அவள் நிற்பாள்.

நான்காவது, மாறுதலின் சோதனை.

பிராட்லாவுக்கு 1874 முதல் கூடவே நின்று உழைத்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். குடும்பக் கட்டுப்பாட்டைப்பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டதற்காக 1877-ல் இருவர்மேலும் வழக்கு வந்து, ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டு, அப்பீலில்தான் தப்பினார்கள். ஆகஸ்டு 3-ந் தேதி வெளியே கூட்டத்தை அடக்கி நின்றவரும் அந்த அம்மையார்தான். அப்பேர்ப்பட்டவர் 1889-ல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்துவிட்டார். பிறகு நம் சென்னை அடையாற்றிலேயே அந்தச் சங்கத்திற்குத் தலைவியாயிருந்து 1933-ல் காலமானார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிராட்லா என்ன செய்தார்? தம்மோடு ஒரு வார்த்தை கலக்காமல் அவர் இந்த முடிவு செய்தாரே என்று தம் பத்திரிகையில் வருத்தத்துடன் எழுதினார். ஏன் ஒப்பமுடியவில்லை என்பதையும் எழுதினார். வசைமாரி பொழியவில்லை. "இத்தனை பெரிய அறிவாளியே போய்விட்டார், நாமும் போவோம்" என்று கூடப் போகவுமில்லை.

இதிலிருந்து நாம் ஒன்று தெரிந்துகொள்ளலாம். ஒருவருடைய பெருமையைப் பார்த்துக் கொள்கைக்கு வந்தவன், அவர் போகும்போது கூடவே போய்விடுவான். காரணத்தைப் பார்த்து வந்தவன், காரணம் இருக்கும்வரை இருப்பான். ஆகவே எங்களைப் போன்ற பேச்சுக்காரர்களைப் பார்த்து வராதீர்கள். நாளைக்கு நாம் எங்கே இருப்போமோ!

நிற்க. இங்கே ஒரு பெரிய கேள்வி வரும். "உறுதி, உறுதி என்கிறீரே, அலகு குத்திக்கொள்கிறவனுக்கும் உறுதி இருக்கிறது, தீ மிதிக்கிறவனுக்கும் உறுதி இருக்கிறது. அவன் உறுதி மூடத்தனம், உம்முடைய உறுதி மாத்திரம் அறிவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உடம்பு வலியைத் தாங்குவதை வைத்துப் பார்த்தால் அவன் நம்மைவிட உறுதியானவன்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் இருவரையும் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள். "எதைக் காட்டினால் நீ உன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளுவாய்?" என்று கேளுங்கள். "எதைக் காட்டினாலும் மாற்றமாட்டேன்" என்று சொல்லுகிறவன் கடவுளை நம்புகிறவனானாலும் சரி, நம்பாதவனானாலும் சரி, அவனிடம் இருப்பது வீம்பு. "இன்ன காரணம் காட்டு, மாற்றிக்கொள்ளுகிறேன், காரணம் காட்டாமல் பசியைக் காட்டினாலும், பதவியைக் காட்டினாலும், பிணத்தைக் காட்டினாலும் மாற்றமாட்டேன்" என்று சொல்லுகிறவனிடம் இருப்பதுதான் உறுதி. மாறவே கூடாது என்பது நமது கட்சியல்ல. பிராட்லாவே பக்திமானாயிருந்து மாறியவர்தானே! மாறு, தாராளமாய் மாறு. ஆனால் மாறுவதற்குமுன், "புதிதாய் ஏதாவது தெரிந்துகொண்டேனா, அல்லது வெறுமனே களைத்துப் போனேனா?" என்று உன்னையே கேட்டுக்கொள். தெரிந்துகொண்டாயானால் மேடைபோட்டுச் சொல்லி மாறு. களைத்துப் போனாயானால் படுத்துத் தூங்கி எழுந்திரு.

இனி, சாதாரண ஜனங்களாகிய நாம் இதை நடத்தையில் கொண்டுவருவது எப்படி என்று சொல்லி முடிக்கிறோம்.

முதலில், சுமக்க முடிகிற அளவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் உலகத்தைத் திருத்துவதாகப் பிரதிக்ஞை செய்கிறவன் ஒரே மாதத்தில் ஓடிப்போகிறான். "என் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடன் வாங்கமாட்டேன்" என்று ஒன்றைப் பிடியுங்கள். அதில் நின்று பழகினால் அடுத்தது தானாய் வரும்.

இரண்டாவது, அமைதியான காலத்திலேயே தீர்மானித்து, அதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். "நான் செத்தால் இன்ன சடங்கு வேண்டாம்" என்பதைச் சாகும்போது சொல்ல முடியாது. ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வையுங்கள். துக்க வீட்டில் உங்கள் பிள்ளை பங்காளிகளுக்கு முன்னால் தனியாய் நிற்கும்போது அந்தக் காகிதம் அவன் பக்கம் நிற்கும்.

மூன்றாவது, தனியாய் இருக்காதீர்கள். பிராட்லாவை வீட்டைவிட்டுத் துரத்தியபோது அவருக்கு இடம் கொடுத்தவர், சுயசிந்தனைக்காகப் பல வருஷம் சிறையிலிருந்த ரிச்சர்டு கார்லைல் என்பவருடைய விதவையான ஓர் ஏழை அம்மாள். நார்த்தாம்டன் சக்கிலியத் தொழிலாளர்கள் ஐந்து வருஷத்தில் நான்கு தடவை அவரைத் திருப்பி அனுப்பியிராவிட்டால் அவருடைய உறுதி மணிக்கூண்டோடு முடிந்திருக்கும். ஒருவருடைய உறுதி என்று நாம் சொல்லுவது அநேகமாய்ப் பலருடைய உறுதியாகவே இருக்கும். இவ்வூரில் ஒருவன் சடங்கில்லாமல் கல்யாணம் செய்தால், மற்றவர்கள் அவன் வீட்டுப் பந்தலில் போய் உட்காருங்கள். ஒருவனுக்கு வேலை போனால் அவனுக்கு வேலை தேடிக் கொடுங்கள். மேடையில் அவனைப் புகழ்வது இரண்டாவது பட்சம்.

கடைசியாக, பலனை எதிர்பார்த்து உட்காராதீர்கள். 1891 ஜனவரி 27-ந் தேதி, அதே காமன்ஸ் சபை 1880-ல் செய்த அந்தத் தீர்மானத்தைத் தன் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டது. அது அவர் நெடுநாளாய்க் கேட்டது. அந்தச் செய்தி வந்தபோது அவர் நினைவற்றுக் கிடந்தார். ஜனவரி 30-ல் இறந்தார். ஜெயித்தது அவருக்குத் தெரியாது. சாகும்போது வேதத்தைக் கேட்டார், கடவுளைக் கூப்பிட்டார் என்று கதை கட்டுவார்கள் என்று தெரிந்து, அவருடைய மகள் ஹைப்பேஷியா, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நினைத்தபடியே கதைகளும் கிளம்பின. கையெழுத்துகளும் பயன்பட்டன. அவருடைய புத்தகங்களை விற்றுக் கடனைத் தீர்க்கவேண்டியிருந்தது. அவருடைய அடக்கத்துக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களில், லண்டனில் வக்கீல் படிப்புப் படித்துக்கொண்டிருந்த 21 வயது இந்திய வாலிபர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. கடவுள் நம்பிக்கையுள்ள அந்த வாலிபர் கடவுள் நம்பிக்கையில்லாத மனிதருக்கு மரியாதை செய்ய ஏன் போனார்? கொள்கையில் வேறுபட்டவர்களும் உறுதியைக் கண்டால் மதிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

ஆகவே தோழர்களே! இவ்வளவு நேரம் நாம் பேசியதை நாம் பேசினோம் என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய், நீங்கள் எதை வேராகப் பிடித்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் நிதானமாய் உட்கார்ந்து யோசியுங்கள். அது சரியென்று பட்டால் அந்தக் காகிதத்தை எழுதிப் பெட்டியில் வையுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்திற்கு வந்து நம்மைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.